உஷார்! பெயின்ட் டின்னோடு வரும் அந்தச் சின்ன டின்

இந்த வாரக் கடைசியில் வீட்டு போர்டிகோவில் தார்ப்பாய் கட்டி, கம்ப்ரசரை வாடகைக்கு எடுத்து, காருக்கு நீங்களே பெயின்ட் அடிப்பதாகத் திட்டமா? ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வாங்கி வைத்திருக்கும் பெயின்ட் டின்னுக்குப் பக்கத்தில், அதைவிடச் சின்னதாக இன்னொரு டின் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ‘ஹார்டனர்’ என்று போட்டிருக்கும். “ரெண்டுக்கு ஒண்ணு கலந்துக்கங்க சார், கண்ணாடி மாதிரி வரும்” என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருப்பார். அது இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள். அப்படியே கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுங்கள். அவர் வாங்க மறுத்தாலும் பரவாயில்லை, அந்தப் பணம் போகட்டும்.

மிகைப்படுத்தவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு இளைஞனின் மூச்சை அந்த டின் கெடுத்துவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

என் மச்சினன் திருச்சியில் இருக்கிறான். வயது 29. சிகரெட் தொட்டதில்லை, சின்ன வயதில்கூட வீசிங் வந்ததில்லை. ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு மாருதி 800 வாங்கினான். இன்ஜின் நன்றாக இருந்தது. பானெட்டும் கூரையும் மட்டும் வெயிலில் வெளுத்துப்போய், கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. பட்டறையில் முழு பெயின்டிங்குக்கு 35,000 ரூபாய் கேட்டார்கள். இவன் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, “மாமா, நானே அடிச்சா 10,000-க்குள்ள முடிச்சிரலாம். ஆயுத பூஜைக்கு வண்டி புதுசு மாதிரி நிக்கும்” என்றான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. ஒரு வாரம் பானெட், அடுத்த வாரம் கூரை, அதற்கடுத்து ஒரு பக்கத்துக் கதவுகள். போர்டிகோவுக்கு மூன்று பக்கமும் சுவர். தூசி வந்து ஈரப் பெயின்டில் ஒட்டக்கூடாது என்று நாலாவது பக்கம் தார்ப்பாயைத் தொங்கவிட்டுக் கீழே செங்கல் வைத்தோம். அவன் அலட்சியக்காரன் இல்லை. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த என்-95 மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு கோட் முடிந்ததும் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பளபளப்பு எப்படி இருக்கிறது என்று பானெட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்ப்பான். “வாடையே பெருசா இல்ல மாமா, தின்னர் வாடை மட்டும்தான்” என்றான். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

முதல் இரண்டு ஞாயிறும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது ஞாயிறு இரவு விடாமல் இருமல். மழைக்காலம், ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார் அவன் அம்மா, எனக்கு அத்தை. காலையில் சரியாகிவிட்டது. நாலாவது ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு வேலையை முடித்து, குளித்து, டீ குடித்து, எங்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன், ராத்திரி ஒன்றரை மணிக்கு மெத்தையில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தான். மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடித்தது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பேசினான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் நெபுலைசர் வைத்த பிறகுதான் உதட்டுக்கு நிறம் வந்தது.

அந்த ராத்திரி டாக்டர் என்ன சாப்பிட்டான், வீட்டில் நாய் பூனை உண்டா, தூசியில் வேலை செய்தானா என்றெல்லாம் கேட்டார். பெயின்ட் அடித்ததை எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தோன்றவே இல்லை. அடித்து முடித்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. விஷமாக இருந்தால் அடிக்கும்போதே மூச்சு முட்டியிருக்காதா என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். இரண்டு நாள் கழித்து நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவர் “போன ஒரு மாசத்தில் புதுசா என்ன செஞ்சீங்க?” என்று கேட்டபோதுதான் பேச்சு அங்கே போனது. அவர் டின்னை எடுத்துவரச் சொன்னார். லேபிளில் எறும்பு போன்ற எழுத்தில் இருந்த ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். ஐசோசயனேட்.

இந்தப் பெயரை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் ‘2கே பெயின்ட்’, ‘பியூ பெயின்ட்’, ‘2கே கிளியர்’ என்று விற்கப்படுபவை இரண்டு பொருளைக் கலந்து அடிப்பவை. ஒன்று பெயின்ட். மற்றது ஹார்டனர். இரண்டும் கலந்ததும் வேதிவினை நடந்து, பெட்ரோல் சிந்தினாலும் கரையாத கெட்டியான படலமாக மாறுகிறது. அந்த வினைக்குக் காரணமே ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட்தான். கார் பெயின்டில் பெரும்பாலும் ஹெக்ஸாமெத்திலீன் டைஐசோசயனேட், சுருக்கமாக எச்.டி.ஐ. என்ற வகையிலிருந்து செய்த ஹார்டனர்தான் வருகிறது.

ஐசோசயனேட் என்றதும் சிலருக்குப் போபால் நினைவுக்கு வரலாம். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பெயரின் பின்பாதி ஒன்று என்பதால் இரண்டும் ஒரே பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. போபாலில் கசிந்தது சட்டென்று ஆவியாகும் திரவம். ஹார்டனரில் இருப்பது கனமானது, டின்னில் மூடி கிடக்கும்வரை அவ்வளவு எளிதில் காற்றில் கலக்காது. ஆனால் ஸ்ப்ரே கன்னின் வேலை என்ன? காற்றில் கலக்காத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்துக் காற்றில் கலப்பதுதானே! டின்னில் அடங்கிக் கிடந்ததை நாமே மூக்குக்கு நேரே கொண்டுவந்து மிதக்கவிடுகிறோம்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், எச்.டி.ஐ.க்குப் பரிந்துரைக்கும் சராசரி வரம்பு நூறு கோடிப் பங்கு காற்றில் 5 பங்கு. அந்த அளவைத் தாண்டிய பிறகும் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. வாடை வரும்போது நாம் வரம்பை எப்போதோ கடந்திருப்போம். தின்னர் வாடை தூக்கலாக இருப்பதால் அதை மட்டும் ஆபத்து என்று எண்ணுகிறோம். வாடையில்லாமல் கூடவே வருவது உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

உள்ளே போனது உடனே கொல்வதில்லை, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். உடம்பின் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்கிறது. சிலருக்குப் பல மாதங்களில், சிலருக்குச் சில வாரங்களில், நிறைய சுவாசித்துவிட்டால் ஒரே நாளிலும்கூட இது நடக்கலாம். ஒருமுறை அடையாளம் வைத்துவிட்டால் பிறகு வரம்புக்கும் கீழான துளியளவே மூச்சுக்குழாயை இறுக்கப் போதும். அதுவும் பல பேருக்கு உடனே வராமல் நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில் வரும். அதனால்தான் பனி, ஏ.சி., தலையணைத் தூசி என்று பழி எது எதன் மேலோ போகிறது. பிரிட்டனின் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ., அந்நாட்டில் வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு முதல் காரணமாக ஐசோசயனேட்டைச் சொல்கிறது. வாகனங்களுக்கு ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரும் அபாயம் மற்ற தொழிலாளர்களைவிடச் சுமார் 80 மடங்கு என்பதும் அவர்கள் கணக்குதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் உள்ள பொருளைத் தொழிலில் கையாளும் ஒவ்வொருவரும் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே பயிற்சியில்லாத தொழிலாளி தொடக்கூடாத ஒன்றை, இங்கே நாம் ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு நின்று அடிக்கிறோம்.

“நான் நல்ல மாஸ்க் போடுவேன்” என்று சொல்வீர்கள். என்-95 தூசுக்கானது. ஆவி அதன் வழியாகத் தங்குதடையின்றிப் போகும். கைக்குட்டை, துண்டு இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டு பக்கமும் வட்டமான கார்பன் டப்பா வைத்த ரப்பர் மாஸ்க் தின்னர் ஆவிக்கு உதவும். ஆனால் டப்பா நிறைந்து வேலை செய்யாமல் போகும் நேரத்தை நாம் வாடையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். வாடையே காட்டிக்கொடுக்காத ஐசோசயனேட்டுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. தாடி இருந்தால் ஓரத்திலேயே காற்று நுழைந்துவிடும். அதனால்தான் முறையான பூத்களில் ஸ்ப்ரே அடிப்பவர் வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே முகத்துக்குள் கொண்டுவரும் மாஸ்க்கோ ஹூடோ அணிகிறார். அதையும் அடித்து முடித்த கையோடு கழற்றக் கூடாது. கண்ணுக்குப் புகை தெரியாமல் போன பிறகும் துளிகள் காற்றில் மிதந்துகொண்டுதான் இருக்கும். என் மச்சினன் பளபளப்பைப் பார்க்க மாஸ்க்கை இறக்கிய அந்த அரை நிமிடங்களைத்தான் நான் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது இருக்கும்.

நீங்கள் ஒருவர் மட்டும் மாஸ்க் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். போர்டிகோவை ஒட்டித்தான் ஹால் ஜன்னல். உள்ளே கைக்குழந்தை தூங்கலாம். ஏற்கெனவே இளைப்பு உள்ள பெரியவர் உட்கார்ந்திருக்கலாம். மாடிப்படி போர்டிகோ வழியாகத்தான் போகும் என்றால் மாடியில் குடியிருப்பவர்களும் இதில் சேர்த்திதான்.

கன் வேண்டாம், ஸ்ப்ரே கேன் போதுமே என்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். இப்போது கேனிலேயே 2கே வருகிறது. அடியில் ஒரு பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹார்டனர் உடைந்து கலக்கும். பார்ப்பதற்குச் சாதாரண கேன் போலவே இருக்கும், வெளியே வருவது அதே ஐசோசயனேட். ‘2கே’, ‘ஹார்டனர்’, ‘ஐசோசயனேட்’, ‘எச்.டி.ஐ.’ இவற்றில் ஏதாவது ஒரு வார்த்தை லேபிளில் எங்காவது இருந்தால் வாங்காதீர்கள்.

மூச்சைப் பற்றி இவ்வளவு சொன்னேன். நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

அந்த மூன்றாவது ஞாயிறு. மணி ஆறு இருக்கும். கன்னைக் கழுவுவதற்காக ஒரு பழைய பெயின்ட் டின்னில் அரை லிட்டர் தின்னர் ஊற்றி, மூடாமல் வாசற்படி ஓரத்தில் வைத்திருந்தோம். உள்ளேயிருந்து அத்தை அகல் விளக்கை ஏற்றிக்கொண்டு, சுடர் அணையாமல் உள்ளங்கையால் மறைத்தபடி வந்தார். வழக்கமாக விளக்கு வைக்கும் இடம் அந்தப் படிதான். குனிந்துகொண்டிருந்தார். “அத்தே! அங்கேயே நில்லுங்க!” என்று நான் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு அடி தூரம். அவ்வளவுதான் இருந்தது.

தின்னரில் டொலுவீன், சைலீன், அசிட்டோன் போன்றவை கலந்திருக்கும். டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும். ஊட்டிக் குளிரே அதற்குப் போதுமான சூடு என்றால், நம் ஊர் மதியத்தில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையோடு தரையாகப் பரவித் தேங்கும். காற்றில் 1.2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். ஒரு லிட்டர் டொலுவீன் முழுக்க ஆவியானால் சுமார் 230 லிட்டர் ஆவி. அது ஏறக்குறைய 19 கன மீட்டர் காற்றைப் பற்றக்கூடிய கலவையாக மாற்றப் போதும். 10 அடிக்கு 16 அடி போர்டிகோவில் அது தரையிலிருந்து நாலடி உயரம் வரை வரும். முழுக் காருக்கு அடிக்கும்போது ஒரு லிட்டர் கரைப்பானோடு நிற்காது.

பொறி எங்கிருந்து வரும் என்கிறீர்களா? தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் பல வீடுகளில் போர்டிகோவில்தான் இருக்கிறது. மேல் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் யாராவது வந்து போடுவார்கள். அங்கேதான் மீட்டர் பாக்ஸ், அங்கேதான் ஸ்கூட்டர். நீங்கள் வாடகைக்கு எடுத்த கம்ப்ரசரே ஒரு பொறிதான். காற்று குறைந்ததும் தானாக ஓடத் தொடங்கும்போது அதன் ஸ்விட்ச்சில் தீப்பொறி வரும், அதுவும் தரை மட்டத்தில். கொசுவர்த்தி, சமையலறை அடுப்பு, சாம்பிராணி, ஆயுத பூஜை அன்று காருக்குக் காட்டும் சூடத் தட்டு என்று வீட்டில் நெருப்புக்குப் பஞ்சமில்லை. பூஜைக்கு முந்தின நாள் அவசர அவசரமாக அடித்துவிட்டு, ஈரம் காயாத வண்டியின் முன்னால், மூடாத தின்னர் டின் மூலையில் இருக்கச் சூடம் ஏற்றாதீர்கள். தயவுசெய்து ஏற்றாதீர்கள்.

தின்னரைக் கடைகளில் சில்லறையாக அளந்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள். நிறமில்லாமல் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. சீல் வைத்த டின்னில் மட்டும் வாங்குங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் வயிற்றில் இருப்பதைவிட அது மோசம். உடனே 108-ஐ அழையுங்கள். எனாமல் பெயின்ட் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்தால் அவை தாமாகவே சூடேறிப் பற்றலாம். தண்ணீரில் நனைத்து வெளியில் விரித்துப் போடுங்கள். மிஞ்சிய ஹார்டனர் கலவை உள்ள டின்னை இறுக்கி மூடியும் வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் உள்ளே வாயு உண்டாகி டின் வெடிக்கலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்படியானால் தார்ப்பாயை எடுத்துவிட்டுத் திறந்த வெளியில் அடிக்கிறேன்” என்று தோன்றும். திறந்து வைத்தால் தூசியும் பூச்சியும் ஈரப் பெயின்டில் வந்து உட்காரும், துளிகள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டு வண்டியிலும் அவர்கள் மூக்கிலும் படியும். மூடி வைத்தால் விஷமும் தீயும். இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் பூத் என்ற ஒன்றை உண்டாக்கினார்கள். வடிகட்டிய காற்று மேலிருந்து இறங்கி, பெயின்ட் துளிகளையும் ஆவியையும் இழுத்துக்கொண்டு கீழே போகும். ஒரு மேஜை விசிறியை வைத்து அதைச் செய்ய முடியாது. அந்த விசிறியின் ஸ்விட்ச்சும் ஒரு பொறிதான்.

பணம் மிஞ்சுமா என்று கேட்டால், அதுவும் இல்லை. வாடகைக்குக் கிடைக்கும் சின்ன கம்ப்ரசர் ஸ்ப்ரே கன் கேட்கும் அளவு காற்றைத் தொடர்ந்து தராது. பாதிக் கதவில் காற்று இளைத்து பெயின்ட் திட்டுத் திட்டாக விழும். வெயிலில் தகரத்தில் படுவதற்கு முன்பே காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். தலையில் தேங்காய் எண்ணெய் தடவிய கையால் பானெட்டைத் தொட்டிருந்தால், டேஷ்போர்டு பாலிஷ் ஒரு துளி தெறித்திருந்தால், அங்கெல்லாம் பெயின்ட் ஒட்டாமல் விலகி மீன் கண் போல் வட்ட வட்டமாகக் குழி விழும். கடைசியில் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டுப் பட்டறையில்தான் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கும். எங்கள் 800-ன் கூரையில் ஆரஞ்சுத் தோல், மீன் கண் இரண்டும் இருந்தன.

நிறத்தையே மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. வேறு நிறம் என்றால் அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். பழைய ஜீப்புக்கு ராணுவப் பச்சை அடிக்க ஆசைப்படுவோர் நிறைய. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதி ராணுவம் அல்லாத வாகனங்களுக்கு அந்த ஆலிவ் பச்சையைத் தடை செய்கிறது. புது மாடல் கார் வைத்திருப்பவர்கள் பம்பரைத் தொடவே வேண்டாம். பம்பருக்கு உள்பக்கம் ரேடார் இருந்தால், மேலே தடிமனாக ஏறும் பெயின்ட் அதன் பார்வையைக் கெடுக்கும்.

பழைய வண்டியில் சுரண்டுவதும் அடிப்பதற்குச் சளைத்த ஆபத்தில்லை. அந்தக் காலத்து மஞ்சள், சிவப்பு பெயின்ட்களில் ஈயம் கலந்த நிறமிகள் இருந்தன. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது என்று நம் நாட்டில் 2016-இல் விதி வந்தது. அது வீட்டு, அலங்காரப் பெயின்ட்களுக்கான விதி, வாகனப் பெயின்டை அது தொடவில்லை. அதனால் உலர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, வழிந்த சேற்றைத் துணியில் ஒற்றி எடுங்கள். அந்த உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

அப்படியானால் நம் கையால் எதுவுமே செய்யக்கூடாதா? செய்யலாம், கை நிறைய வேலை இருக்கிறது. வெளுத்த பெயின்டுக்குப் பல நேரங்களில் ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போட்டாலே உயிர் வந்துவிடும். சின்னக் கீறலுக்கு, வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள கலர் கோடைச் சொல்லி, ஹார்டனர் கலக்காத டச்சப் பாட்டில் வாங்கிச் சிறு பிரஷ்ஷால் வைக்கலாம். கைப்பிடி, லைட், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கழற்றுவது, கழுவுவது, வாட்டர் பேப்பர் போடுவது, மாஸ்கிங் டேப் ஒட்டுவது இவற்றை வீட்டில் முடித்துவிட்டு, அடிப்பதற்கு மட்டும் பூத் உள்ள பட்டறையில் பேசிப் பாருங்கள். கூலியில் கணிசமாகக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிற பட்டறைகள் உண்டு.

அங்கே போகும்போது, அடிக்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். வாயைச் சுற்றிக் கர்ச்சீப் கட்டிய பதினெட்டு வயதுப் பையன் என்றால், நம் வீட்டில் திறக்காத டின்னை அவன் நெஞ்சுக்குள் திறக்கச் சொல்கிறோம் என்று அர்த்தம். பூத் இருக்கிறதா, காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அதற்காகக் கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுங்கள்.

என் மச்சினன் இப்போது சட்டைப் பையில் இன்ஹேலரோடு நடக்கிறான். எதிர் வீட்டில் தேக்குக் கதவுக்கு பியூ பாலிஷ் அடிக்க ஆட்கள் வந்தபோது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தும் அவனுக்கு நெஞ்சு இறுகிவிட்டது. மர பாலிஷிலும் அதே ஹார்டனர் குடும்பம்தான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபம், புது வீடு, எங்கே கிளம்பினாலும் “அங்க பாலிஷ் வேலை எதுவும் நடக்குதா?” என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அவன் அக்கா அவனை அனுப்புகிறாள்.

இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டில் நேற்றோ போன வாரமோ 2கே அடித்து முடித்திருக்கலாம். அடித்தவருக்கோ வீட்டில் வேறு யாருக்கோ ராத்திரி இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு விடும்போது விசில் சத்தம் இருந்தால் காலை வரை பொறுக்காதீர்கள். மூச்சு வாங்கிப் பேச முடியவில்லை என்றால் 108. ஆஸ்பத்திரியில் அவர்கள் கேட்காவிட்டாலும், “கார் பெயின்ட் அடிச்சோம், ஹார்டனர் கலந்து அடிச்சோம், இத்தனை மணிக்கு” என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். அந்தச் சின்ன டின்னின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த கோட் பாக்கியிருந்தால் வண்டி அப்படியே நிற்கட்டும்.